ரயிலுவின் முதுகு

இசக்கித்தாய் காலால் பிறந்தவள். தலை திரும்பாமல், இரண்டு பாதமும் முதலில் வெளியே வந்து, மருத்துவச்சியைத் திண்டாட வைத்துப் பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று திருநெல்வேலிப் பக்கம் பலர் நம்புவார்கள். பாளையங்கோட்டையில் அவள் குடியிருந்த தெருவிலும் நம்பினார்கள். குனிந்து குடம் தூக்கியவர்கள், மூட்டை இறக்கியவர்கள், பிள்ளையைச் சுமந்தவர்கள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். பாயில் குப்புறப் படுக்கச் சொல்லி, இசக்கியம்மன் பேரைச் சொல்லி, வலது குதிகாலால் கழுத்திலிருந்து இடுப்புவரை மூன்று தடவை நீவுவாள். மூன்றாவது தடவை, வலிக்கிற இடத்தில் ஒரே ஒரு அழுத்து. அவ்வளவுதான். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

புருஷனை இழந்து, ஐம்பத்திரண்டு வயதிலும் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒருத்தியை நாலு பேர் நின்று கும்பிடுகிறார்கள் என்றால் அது அந்தக் காலுக்காகத்தான். அது அவளுக்கும் தெரியும்.

சாரம்மாள் டீச்சரின் வீட்டு வளவில் பின்பக்கத்து ஒற்றை அறையில் அவள் இருந்தாள். டீச்சருக்கு அறுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவருஷத்திலிருந்து காது மெல்ல மெல்ல மந்தமாகி, இப்போது வலது காதருகே வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். காதுக்கருவி ஒன்று இருந்தது. அதைப் போட்டால் தலைக்குள் தேனீக்கூடு கலைந்த மாதிரி இருக்கிறது என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

அவருக்குக் காதாக இருந்தது ரயிலு. மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்த அவருடைய தம்பி கொண்டுவந்து விட்ட நாய். நீண்ட உடம்பும், சாண் உயரக் கால்களும், தரையைக் கூட்டுகிற காதுகளுமாக அது தெருவில் நடந்தபோது யாரோ "ரயிலு வருது" என்றார்கள். பேர் நின்றுவிட்டது. யாரும் பழக்காமலே அந்த நாய் ஒன்றைக் கற்றுக்கொண்டது. குரைத்தால் இந்த அம்மாவுக்குக் கேட்காது. ஆகவே கதவு தட்டினால், பால் பொங்கினால், குக்கர் விசில் அடித்தால், அது ஓடிவந்து டீச்சரின் சேலைக் கரையைப் பல்லால் கவ்வி இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் டீச்சர் போவார். கடவுள் ஒரு கதவை லேசாகச் சாத்தும்போது பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் சாத்துகிறார் என்று டீச்சர் சொல்லுவார். அந்த ஆளுக்கு நாலு கால் இருப்பதில் அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால், டீச்சர் ராதாபுரம் பக்கத்துத் தன் சொந்த ஊருக்கு அசனப் பண்டிகைக்குப் போனார். தேவாலயச் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, கோயில் முற்றத்தில் பந்தி விரித்துச் சாப்பிடுகிற நாள் அது. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினார். திங்கட்கிழமை திரும்புவதாகச் சொல்லி, ரயிலுவை இசக்கித்தாயிடம் விட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலு டீச்சரின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. வாசலில் தயிர்க்காரியின் குரல் கேட்டது. டீச்சரைத் தேடிப் பாய்ந்து குதித்தது. குதித்த இடத்திலேயே ஒரு கத்து. ஓடிவந்து பார்த்த இசக்கித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. நாய் நின்றது, நடந்தது. முதுகு மட்டும் வில் மாதிரி வளைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவில்லை. தொட்டால் நடுங்கியது. பின்னங்கால்கள் கொஞ்சம் தள்ளாடின. மாட்டாஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்தது.

'வாய்வுப் பிடிப்புதான். ஊருக்கெல்லாம் மிதிக்கேன், இந்தச் சீவனுக்கு மிதிக்க மாட்டேனா?' என்று அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலையில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்ற ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்த நேரம். எட்டு மணி. வெறும் வயிற்றோடு இருந்த நாயைச் சாக்கில் படுக்கவைத்து, அம்மன் பேரைச் சொல்லி, காலைக் கழுவித் துடைத்து, நீவினாள். பூவின்மேல் வைக்கிற மாதிரித்தான் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை, நடு முதுகில், ஒரே ஒரு அழுத்து.

ரயிலு ஒரு சத்தம் போட்டது. அதை அவள் அதற்கு முன்னால் எந்தப் பிராணியிடமும் கேட்டதில்லை. பிறகு எழுந்திருக்கப் பார்த்தது. முன்பாதி எழுந்தது. பின்பாதி ஈரத்துணி மாதிரித் தரையிலேயே கிடந்தது.

அவள் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஒத்தடம் கொடுத்தாள். காலைப் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள், விட்டால் மடிந்தது. "தாயே, என் காலை எடுத்துக்கோ, அதுக்குக் குடுத்துரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லி அழுதாள். நாய் கழுத்தைத் திருப்பி அவள் கையை நக்கியது. தன்னை மிதித்த ஆளின் கையை அது நக்கியதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

பதினொன்றரை மணிக்கு டீச்சர் வந்தார். ஒரு கையில் பை, மறு கையில் அசனச் சோறு இருந்த தூக்குவாளி. ரயிலு வாசலுக்கு ஓடிவரவில்லை. முன்னங்கால் இரண்டால் தரையைப் பற்றிப் பற்றி, செத்த பாதியை இழுத்துக்கொண்டு, அறை முழுவதையும் கடந்து வந்து டீச்சரின் சேலைக் கரையில் மூக்கை வைத்தது. டீச்சர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா இசக்கி, என்னளா இது? எப்ப இருந்து?"

இசக்கித்தாய் குனிந்து வலது காதில் கத்தினாள்: "சனிக்கிழமை சாயங்காலம் கட்டில்ல இருந்து குதிச்சுட்டு டீச்சர்! அப்பமே கால் விழுந்துட்டு!"

முதல் பாதி உண்மை. அதற்குப் பின்னால் வந்தது பொய். பயம் அவளை முந்திக்கொண்டு பேசிவிட்டது. பேசி முடித்ததும், சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டது. டீச்சர் நாயின் தலையைத் தடவிக்கொண்டு, "ரெண்டு நாளா இப்பிடியேவா கெடந்தே, எங்கண்ணு?" என்றார். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

டீச்சர் அழுதுகொண்டே நிற்கிற ஆள் இல்லை. அடுக்களையிலிருந்து நீளமான மணைப்பலகையை எடுத்துவந்து, நாயை உடம்பு வளையாமல் அதன்மேல் நகர்த்தி, பழஞ்சேலையால் இரண்டு இடத்தில் கட்டினார். இசக்கித்தாய் தெருமுனைக்கு ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தாள்.

ஆட்டோக்காரர் அகமது மீரான், மேலப்பாளையத்துக்காரர். வாய் சும்மா இருக்காத மனுஷன். "என்ன டீச்சரம்மா, ரயிலு இன்னைக்கு ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தவர், பலகையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். வண்டியைக் குழிக்குக் குழி நிறுத்தி, பைய இறக்கி, பைய ஏற்றி ஓட்டினார். பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்து இசக்கித்தாயிடம் கேட்டார்:

"ஏன்க்கா, நீங்க ஒரு மிதி மிதிச்சிருக்கலாம்லா? எங்கம்மாவுக்கு அன்னைக்கு மிதிச்சீங்களே, மறுநாளே எந்திச்சு ஆப்பம் சுட்டாளே!"

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்ரலேகா மத்தியானத்துக்குக் கதவடைக்கப் போகிற நேரம். முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுக் கை ஓய்ந்திருந்தார். பலகையைப் பார்த்ததும் கழற்றிய கோட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார். நாயின் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பின்னங்கால் விரலை விரலால் கிள்ளினார். பிறகு இடுக்கியால் அழுத்தினார். ரயிலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது டீச்சரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"வலியே தெரியல" என்றார் டாக்டர். "கால் எப்ப விழுந்துச்சு?"

டீச்சருக்கு அது கேட்கவில்லை. டாக்டர் சொல்வதை யாராவது காதில் போடவேண்டும். அந்த அறையில் அதற்கு இருந்த ஆள் இசக்கித்தாய்தான். அவள் குனிந்து கத்தினாள்: "கால் எப்ப விழுந்துச்சுன்னு கேக்காங்க!"

"சனிக்கிழமை சாயங்காலமாம் டாக்டர்" என்றார் டீச்சர்.

டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இந்த ஜாதி நாய்க்கு முதுகெலும்புக்கு நடுவுல உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கும். ஆபரேஷன் பண்ணி அந்த அழுத்தத்தை எடுக்கலாம். ஆனா வலியே தெரியாம போயிட்டுன்னா, அன்னைக்கே எடுக்கணும். இன்னைக்குக் காலையில விழுந்திருந்தா நான் துணிஞ்சு செய்வேன். ரெண்டு நாள் ஆயிட்டு. இனிமே அதை அறுக்கிறது அதுக்கு வேதனைதான், பிரயோசனம் இல்ல. அவங்ககிட்ட சொல்லுங்க. கஷ்டப்படாம ஒரு ஊசி போட்டு..."

முடிக்காமல் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொல்லுதாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

இசக்கித்தாய் குனிந்தாள். "ரெண்டு நாள் ஆயிட்டதுனால..." என்று கத்தத் தொடங்கினாள். அதோடு நிறுத்தினாள். தான் சொன்ன பொய்யைத் தன் வாயாலேயே திரும்பவும், அதுவும் சாவுச் செய்தியாக, அந்தக் காதில் போடவேண்டியிருந்தது.

டாக்டரிடம் மட்டும் போய் மெதுவாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. டாக்டருக்கு நல்ல காது. ஆனால் பொய்யைச் சொன்னது இந்தக் காதில். எடுத்துப்போடுவதும் இந்தக் காதிலிருந்துதான். அவள் உதட்டை டீச்சரின் காதுக்கு ஒட்டவைத்து, குரலை இறக்கி, சொன்னாள். அறை வாசலில் அகமது மீரான் நின்றார். வெளியே ஆட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி அதே தெருக்காரி.

"என்ன? கேக்கல. சத்தமாச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னாள்.

"ஏளா, காத்துதான் வருது. சத்தமாச் சொல்லுளா!"

இசக்கித்தாய் நிமிர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பவும் அந்தக் காதருகே குனிந்து, ஊர் கூட்டுகிற குரலில் கத்தினாள்:

"நாந்தான் டீச்சர் மிதிச்சேன்! இன்னைக்குக் காலையில! அதுவரைக்கும் அது நடந்துச்சு! தள்ளாடித் தள்ளாடி நடந்துச்சு! பிடிப்புன்னு நெனச்சு நான் காலை வச்சேன், அப்பத்தான் விழுந்துச்சு! சனிக்கிழமை விழுந்துச்சுன்னு நான் சொன்னது பொய்!"

ஆடு ஒன்று கத்தியது. வாசலில் நின்ற அகமது மீரான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் அலமாரியை விட்டு விறுவிறுவென்று வந்தார். "எத்தனை மணிக்கு?"

"எட்டு மணி. ஸ்கூல் வேன் வந்த நேரம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முந்தி நின்னுச்சா?"

"நின்னுச்சு டாக்டரம்மா. அம்மன் மேல சத்தியமா நின்னுச்சு. வாசல்ல போயி ஒண்ணுக்கு இருந்துட்டுத்தான் வந்துச்சு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். "அஞ்சு மணி நேரம்கூட ஆகல!" என்றார். அந்த முகத்தில் இருந்த அசதி எங்கே போனதென்று தெரியவில்லை.

இசக்கித்தாய் குனிந்து, எட்டு மணிக்குத்தான் விழுந்ததால் ஆபரேஷன் செய்துபார்க்கலாமாம் என்று வலது காதில் கத்தினாள். டீச்சர் அவளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "கேட்டீங்கல்லா டாக்டர்? எட்டு மணி. ஆரம்பிங்க" என்றார்.

டாக்டர் சித்ரலேகா ஒளிக்காமல் சொன்னார். மதராஸில் படிக்கும்போது இந்த ஆபரேஷனில் மூன்று தடவை பக்கத்தில் நின்று கைகொடுத்திருக்கிறார். தனியாகச் செய்ததில்லை. கால் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. எலும்பை நறுக்குகிற நுனி மெல்லிய குறடு இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அது மனுஷருக்கு எலும்பு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அம்மையப்பனிடம்தான் இருக்கும். எக்ஸ்ரேயும் அங்கேதான் எடுக்கவேண்டும். ஒரு சீட்டு எழுதி அகமது மீரானிடம் கொடுத்தார்.

"அவர் சாப்பிடப் போயிருப்பார். நாய்க்குன்னு சொன்னா கோபப்படுவாரோ என்னவோ" என்றார்.

"கோவப்பட்டா நான் பேசிக்கிடுதேன். வாய் எதுக்கு வச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, அகமது மீரான் பலகையின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். நாயின் மூத்திரம் பலகையிலிருந்து வழிந்து அவர் வெள்ளைச் சட்டையை நனைத்தது. தொழுகைக்குப் போகிற சட்டை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அம்மையப்பன் கோபப்படவில்லை. நெற்றியில் பட்டை விபூதியும், கையில் பாதி தின்ற வாழைப்பழமுமாக வந்து சீட்டைப் படித்தார். எக்ஸ்ரே மேசைமேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போடச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். பிறகு குறடுகளைக் கொதிக்கவைத்துச் சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு, சட்டையை மாட்டி, அதே ஆட்டோவில் நாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாட்டாஸ்பத்திரியில் இறங்கியதும், "சார், நீங்களே செய்யுதீங்களா?" என்று சித்ரலேகா ஆசையோடு கேட்டார்.

"நாயோட உடம்பு எனக்கு என்னம்மா தெரியும்? நீ செய்யி. நான் எதுத்தாப்புல நிக்கேன். கை நடுங்குனா என்னைப் பாரு."

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே புங்கமர நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. டீச்சர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்தார். இசக்கித்தாய் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய்விடலாமா, போனால் எங்கே போவது, இருந்தால் எந்த முகத்தோடு இருப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

அகமது மீரான் வந்து அவள் பக்கத்தில் நின்றார். தொட்டித் தண்ணீரில் சட்டையின் நனைந்த பாகத்தைக் கசக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"எங்கம்மாவுக்குச் சரியானது சரியானதுதான்க்கா. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. இத்தனை பேருக்கு முன்னால நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். நாய்தானே, போகட்டும்னு விட்டுருப்பேன்."

கொஞ்சம் கழித்து, "அஸர் தொழுகைக்குப் போயிட்டு வாறேன். வண்டி இங்கனதான் நிக்கும். வேற சவாரி எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "ஏளா, இங்கன வா."

அவள் வந்து நின்றாள்.

"உக்காரு. கீழ இல்ல, பெஞ்சுல."

தூக்குவாளியை டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்தார். வீட்டில் இறக்கிவைக்க மறந்து, ஆட்டோவிலேயே வந்துவிட்டது. மூடியைத் திறந்தார். காலையில் ஊரில் மறுபடியும் சூடுபண்ணிக் கட்டிக் கொடுத்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

"காலையில இருந்து நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்டே. மிதிக்கிற அன்னைக்கு நீயும் பட்டினிதானே. சாப்பிடு."

இசக்கித்தாய் அழுதாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். டீச்சர் தடுக்கவில்லை. அழுது முடிக்கிற மட்டும் தூக்குவாளி மூடியில் சோற்றைப் பிசைந்து உருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"கோவம் இருக்கு" என்றார் டீச்சர். "இல்லைன்னு சொன்னா அது நான் சொல்லுத பொய்யி. அது பைய போகும், அதுக்கு நீ ஒண்ணும் செய்யாண்டாம். மிதிச்சது நீ அறியாம செஞ்சது. மறைச்சது பயத்துல வந்தது. சத்தம்போட்டுச் சொன்னே பாரு, அது ஒண்ணுதான் நீயா யோசிச்சுச் செஞ்சது. நான் முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளைப் பாத்தாச்சு. ஒரு பயலும் கிளாஸ் முழுக்கக் கேக்கிற மாதிரி 'நாந்தான்'னு சொன்னதில்ல. காதுல வந்து கிசுகிசுப்பான். எனக்கு இப்ப கிசுகிசுத்தா கேக்காது, உன் கெட்ட நேரம்."

டீச்சர் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிக்கும்போது அவர் கண்ணிலிருந்தும் நீர் இறங்கியது. இசக்கித்தாய் ஒரு உருண்டையை வாயில் போட்டாள்.

ஐந்து மணிக்கு மேல் கதவு திறந்தது. சித்ரலேகாவின் கோட்டு முதுகுப் பக்கம் முழுவதும் வியர்வையில் ஒட்டியிருந்தது. கை மட்டும் நடுங்கவே இல்லை என்று பின்னால் வந்த அம்மையப்பன் யாரும் கேட்காமலே சொன்னார். "என்னை ஒரு தடவைகூடப் பாக்கல, கேட்டேளா? நான் சும்மா நின்னு கால்வலி வந்ததுதான் மிச்சம்."

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். அதில் வெள்ளையாக, சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி, ஒரு பட்டாணிக்குமேல் இராது. அதுதான் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. நரம்பு அறுந்திருக்கவில்லை. இனிமேல் காத்திருக்கவேண்டும். மூன்று வாரமோ, மூன்று மாதமோ.

இசக்கித்தாய் அதை ஒன்றுவிடாமல் டீச்சரின் காதில் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள்: "என் காலாலதானே டாக்டரம்மா?"

டாக்டர் சித்ரலேகா பொய்யான ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "சனிக்கிழமையே பாதி பிதுங்கியிருக்கும். தானாவும் விழுந்திருக்கலாம். மிதிச்சதும் சேர்ந்திருக்கும். பிரிச்சுச் சொல்ல என்னால முடியாதும்மா" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா நேரத்தை நீங்க சொன்னதுனாலதான் நான் கத்தி எடுத்தேன். அதைச் சந்தேகமில்லாம சொல்லுவேன்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கையால் செய்கிற வேலையாகவே போயின. ரயிலுவுக்குத் தானாக மூத்திரம் போகவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிவயிற்றை இரண்டு கையாலும் பக்குவமாக அழுத்தி எடுக்கவேண்டும். டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினார். டீச்சரின் விரல்கள் வாதத்தில் மடங்கியவை. ஆகவே இசக்கித்தாய்தான் செய்தாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். கால்களை ஒவ்வொன்றாக, நாளுக்கு மூன்று வேளை, சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி நீட்டினாள். அதன் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் நடத்தினாள். நாயோ முன்னங்காலால் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு நாளும் அது சுணங்கவில்லை. இரண்டு காலை இழந்த துக்கத்தில் மீதி இரண்டையும் மடக்கிக்கொண்டு கிடக்கிற மனுஷர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அந்த நாய் முதல் நாளிலிருந்தே, இருக்கிற காலை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகத்தான் பார்த்தது.

முதுகு பிடித்தவர்கள் அந்த நாட்களிலும் வந்தார்கள். "இனிமே மிதிக்கிறது இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று இசக்கித்தாய் அனுப்பினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னாள். ஆட்டுக்காரி ஏற்கெனவே தெருப்பூராவும் சொல்லியிருந்தாள். "என்ன மதினி, நாய் முதுகோட ஓய்வு வாங்கிட்டியளோ?" என்று முத்துமாலை என்ற பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசினாள். "ஆமா, பென்ஷன்தான் வரல" என்று சொல்லிவிட்டு இசக்கித்தாய் துண்டை உதறிப் போட்டாள். கும்பிட யாரும் வராத வாசல் முதலில் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. பிறகு அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

டீச்சரின் கோபமும் அவர் சொன்னபடியே பைய போனது. ஒருநாள் காலையில் டீச்சர் ஆற்றிக்கொடுத்த காப்பியில், முந்திய நாட்களைவிட ஒரு கரண்டி சீனி கூடுதலாக இருந்ததை இசக்கித்தாய் கண்டுகொண்டாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை. மழை பெய்து ஓய்ந்து முற்றத்து மண் மெத்தென்று இருந்தது. இசக்கித்தாய் துண்டைப் பிடித்துக்கொண்டு ரயிலுவுக்குப் பின்னால் குனிந்து நடந்தாள். டீச்சர் எதிரே படியில் உட்கார்ந்து, கையில் ஒரு பிஸ்கட்டை வைத்து, "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி முற்றம் வந்திருப்பார்கள். இசக்கித்தாய்க்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. தினமும் துண்டில் தொங்குகிற கனம் கையில் இல்லை. குனிந்து பார்த்தாள். துண்டு நாயின் வயிற்றைத் தொடாமல் தொய்ந்து கிடந்தது.

அவள் கையை விடவில்லை. விடப் பயமாக இருந்தது. இன்னும் இரண்டு எட்டு அப்படியே வெறும் துண்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "துண்டை விடு" என்றார்.

விட்டாள்.

ரயிலு நின்றது. பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. ஒரு பாதம் புரண்டு, பிறகு தானே நேராயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது எட்டில் பொத்தென்று உட்கார்ந்து, என்ன நடந்தது என்று திரும்பித் தன் காலையே பார்த்தது.

"டீச்சர்! நடந்துட்டு டீச்சர்! தானா நடந்துட்டு!" என்று இசக்கித்தாய் அலறினாள். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"ஏன்ளா கத்துதே? நான்தான் பாத்துக்கிட்டே நிக்கேனே" என்றார் டீச்சர். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை நாய்க்கு நீட்டிக்கொண்டே, "போ, போயி அகமது மீரானைக் கூட்டிட்டு வா. டாக்டரம்மாகிட்ட கொண்டு காட்டணும். நாளைக்கு இல்ல, இப்பமே" என்றார்.

ரயிலு மறுபடியும் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தது.